தங்கைக்கு எது? லூபஸுக்கு நாங்கள் எடைபோட்ட நான்கு வழிகள்

கிருஷ்ணகிரியில் ஒரு லேபில் எனக்கு வேலை. 18 வருஷமாக அடுத்தவர் ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன தை மாதம் ஒருநாள் காலை, மேசைக்கு வந்த கேனில் என் தங்கையின் பெயர். 24 மணி நேரம் சேர்த்துக் கொண்டுவந்த சிறுநீர். லேசாகக் கலக்கி அளவுச் சாடியில் ஊற்றினேன். மேலே எழுந்த நுரை அடங்கவில்லை. சாதாரண நுரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடைந்துவிடும். புரதம் இறங்கும் சிறுநீரின் நுரை, முட்டை வெள்ளைக்கருவை அடித்த மாதிரி அப்படியே நிற்கும். மெஷின் எண்ணைக் காட்டுவதற்குள் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. 2.8 கிராம். கிட்னி நன்றாக இருப்பவருக்கு ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

அவளுக்கு வயது 28. ஆறு வருஷமாக லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்குகிற நோய்களில் ஒன்று. தன்னெதிர்ப்பு நோய் என்று புத்தகத்தில் போடுகிறார்கள், ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஆட்டோ இம்யூன் என்கிறார்கள். லூபஸ் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பிள்ளை பெறும் வயதில். முதல் தடவை கிட்னியைத் தொட்டபோது பயாப்ஸியில் நாலாம் கிளாஸ், அதாவது கடுமையான வகை என்று வந்தது. சைக்ளோபாஸ்பமைடு ஆறு ஊசி, அப்புறம் மைக்கோபினோலேட் மாத்திரை, கூடவே ஸ்டீராய்டு, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். அடங்கியது. மாத்திரையைக் குறைத்ததும் திரும்பக் கிளம்பியது. மறுபடி கூட்டினார்கள். இது மூன்றாவது தடவை.

அந்த வாரம் காவேரிப்பட்டணத்தில் அம்மா வீட்டில் எல்லாரும் கூடினோம். ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். டாக்டர் சொன்னது ரிட்டுக்ஸிமேப் என்ற மருந்து. பெங்களூரில் இருக்கிற சித்தப்பா மகன் போனில் அனுப்பியது கார் டி செல் என்ற புதுச் சிகிச்சை பற்றிய செய்தி. அவன் நண்பன் ஒருவன், வேலூரில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை கேட்டுப் பாருங்கள் என்றானாம். பெரியப்பா கொண்டுவந்தது ஒரு ஸ்டெம் செல் மையத்தின் வழவழப்பான நோட்டீஸ். அம்மா எதையும் படிக்கவில்லை. "அந்த அரை ஏக்கர் தோப்பை வித்துடலாம் கண்ணு. மரம் போனா போவுது," என்றார். அந்தத் தோப்பில் இருபது பெங்களூரா மாமரம். அப்பா வைத்தது.

அதற்கப்புறம் ஒன்றரை மாதம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்ததெல்லாம் இந்த நான்கையும் படித்ததும் கேட்டதும்தான். டாக்டர் இல்லை நான். ஆனால் ஒரு ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று தெரியும். தர்மபுரியிலிருந்தும் பர்கூரிலிருந்தும் என் கவுன்ட்டருக்கு வந்து "மேடம், செல் வைத்தியம் பண்ணலாமா?" என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கார் டி செல் என்ன செய்கிறது

முதலில் இதையே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆசையை அதிகம் கிளப்பியது இதுதான். எனக்கும்தான்.

ரத்தத்தில் பி செல், டி செல் என்று இரண்டு வகை வெள்ளணுக்கள் உண்டு. ஆன்டிபாடி சுரப்பது பி செல்லின் வழி வருகிற வேலை. லூபஸில் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி வழிதவறி, நம் செல்லின் டிஎன்ஏவுக்கே எதிராக ஆன்டிபாடி செய்கிறது. அது போய்க் கிட்னியின் சல்லடையில் படிந்து அதைப் புண்ணாக்குகிறது. டி செல்லுக்கு வேட்டையாடத் தெரியும், ஆனால் சொந்த பி செல்லைத் தொடாது. அதை வெளியே எடுத்து, நோய் உண்டாக்காதபடி மாற்றிய ஒரு வைரஸ் மூலமாகப் புது ஜீன் ஒன்றைச் செலுத்துகிறார்கள். பி செல்லின் மேலே இருக்கிற சிடி19 என்ற அடையாளத்தைப் பிடிக்கிற கொக்கி அந்த டி செல்லில் முளைக்கிறது. பிறகு அதைப் பெருக்கித் திரும்ப ஏற்றுகிறார்கள். உள்ளே போனதும் பி செல்லைத் தேடித்தேடி அழிக்கும்.

ஆளுக்கு நடப்பது என்ன என்று பார்த்தால்: பிளேட்லெட் தானத்துக்கு உட்கார வைக்கிற மாதிரியான மெஷினில் சில மணி நேரம் இருந்து வெள்ளணுவைக் கொடுக்க வேண்டும். செல் தயாராக ஒன்று இரண்டு வாரம் ஆகும், சில இடங்களில் இன்னும் அதிகம். அப்புறம் ஃப்ளூடராபின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரண்டு கீமோ மருந்தைச் சில நாள் ஏற்றி உள்ளே இடம் காலி செய்வார்கள். பிறகு ஒரு சின்னப் பை. எர்லாங்கனில் கொடுத்த அளவு ஒரு கிலோ எடைக்கு 10 லட்சம் செல். என் தங்கை எடைக்கு 5 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் ஏறி முடியச் சில நிமிஷம்தான்.

எர்லாங்கன் என்றது ஜெர்மனியில் இருக்கிற பல்கலைக்கழக மருத்துவமனை. கியோர்க் ஷெட் என்பவரின் குழு 2021இல் அங்கே 20 வயதுப் பெண் ஒருவருக்கு இதைக் கொடுத்தது. எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸ் அடங்கியது. 2022இல் ஐந்து பேரின் விவரம் வந்தது. 2024 பிப்ரவரியில் 15 பேர்: லூபஸ் 8, தோல் இறுகும் ஸ்க்லீரோடெர்மா 4, தசை அழற்சி 3. லூபஸ்காரர்கள் எட்டுப் பேருக்கும் நோய் அடங்கியது. பதினைந்து பேருமே எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள். சராசரியாக 112 நாளில் பி செல் திரும்ப வந்தது, ஆனால் பழைய பிசகு இல்லாத புதுச் செல்லாக. இந்த வரியை நான் நாலைந்து தடவை படித்தேன். ஆறு வருஷமாக ஒவ்வொரு வேளையும் உள்ளங்கையில் மாத்திரையை எண்ணுகிற ஒருத்தியின் அக்காவுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் லேப்காரியாக மறுபடி படித்தேன். 15 பேர். காலை ஏழரை மணிக்குள் எங்கள் ரேக்கில் அதைவிட அதிகம் ட்யூப் நிற்கும். பின்தொடர்ந்து பார்த்த காலம் 4 மாதத்திலிருந்து 29 மாதம் வரை. வேறு மருந்து வாங்கிய ஒரு குழுவோடு சீட்டுப் போட்டுப் பிரித்து ஒப்பிடவில்லை. எல்லாரும் பல ஆஸ்பத்திரிகளில் பலதும் பார்த்து, தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர்கள். நம்பிக்கை தருகிற ஆரம்பம் என்பதில் சந்தேகம் இல்லை. பத்து வருஷம் கழித்து என்ன என்பதற்கு இன்னும் பத்து வருஷம் ஆகவில்லை.

பக்க விளைவில் மூன்று விஷயம். முதலாவது காய்ச்சல். டி செல் வேலை செய்யும்போது ரத்தத்தில் சைட்டோகைன் என்ற அழற்சியைத் தூண்டும் பொருள் கொட்டி, உடம்பு கொதிக்கும், சிலருக்கு ரத்த அழுத்தம் விழும். டோசிலிசுமேப் என்ற ஊசியைத் தயாராக வைத்திருப்பார்கள். புற்றுநோய்க்காரர்களில் இது சில சமயம் ஐசியு வரை போகும். எர்லாங்கன் நோயாளிகளில் பெரும்பாலும் காய்ச்சலோடு நின்றது, ஒருவர் நிமோனியாவுக்காக அட்மிட் ஆனார். இரண்டாவது, மூளை குழம்புவது. அதைக் கண்டுபிடிக்க எந்த ஸ்கேனுக்கும் முன்னால் தினமும் ஒரு சின்னச் சோதனை வைக்கிறார்கள்: ஒரு வாக்கியம் எழுதச் சொல்வது, நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வது. நேற்று நேராக எழுதியவர் கையெழுத்து இன்று கோணினால் நர்ஸ் டாக்டரை அழைப்பார். மூன்றாவது, பிற்காலம். 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ, இந்த வகைச் சிகிச்சைகளின் லேபிளில் டி செல்லிலேயே புற்றுநோய் வரக்கூடும் என்ற எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போடச் சொன்னது. அது அரிது, அதுவும் ஏற்கெனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களில் பார்த்தது. இருந்தாலும் 28 வயதுக்காரிக்கு முன்னால் இருக்கிற வருஷங்கள் அதிகம்.

இந்தியாவில்? 2023 அக்டோபரில் நெக்ஸ்கார்19 என்ற கார் டி செல்லுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. ஐஐடி மும்பையும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது, இம்யூனோஆக்ட் கம்பெனி தயாரிக்கிறது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அறிமுகம் செய்தார். அமெரிக்காவில் 3, 4 கோடி ஆகிற இடத்தில் இது நாற்பது லட்சம் வாக்கில் என்று பத்திரிகைகளில் வந்தது. 2025 ஜனவரியில் பெங்களூர் இம்யூனீல் கம்பெனியின் கார்டெமியும் வந்தது. நமக்கு இன்னும் பக்கத்தில் வேலூர் சிஎம்சியில், ஆஸ்பத்திரிக்குள்ளேயே கார் டி செல் தயாரித்துக் கொடுத்த வெல்கார்ட் ஆய்வு நடந்திருக்கிறது. ஆனால் எல்லாமே ரத்தப் புற்றுநோய்களுக்கு. லூபஸுக்கு இது இன்னும் ஆய்வுக் கட்டம்தான். அப்படியென்றால் ஒருவர் இதைப் பெறுவதற்கான நேர்வழி, பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வில் சேர்வது மட்டுமே. தோப்பை விற்றுக் கொடுத்தாலும் கவுன்ட்டரில் வாங்கக்கூடிய பொருள் இல்லை. இதை அம்மாவுக்குப் புரியவைக்க இரண்டு நாள் ஆயிற்று.

சொட்டு ஏற்றி அனுப்பும் ஸ்டெம் செல்

பெரியப்பா நோட்டீஸில் இருந்த நம்பருக்கு நானே பேசினேன். பிறகு தங்கையையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேரிலும் போனேன். மையத்தின் பெயர் வேண்டாம். ஏசி அறை, சுவரில் செல் படம், பன்னீர் ரோஜா வாசம். எதிரில் உட்கார்ந்தவர் டாக்டர் இல்லை, ஆலோசகர் என்றார். மூன்று தடவை ஏற்ற வேண்டும், மொத்தம் 4 லட்சத்து 80 ஆயிரம், முழுப் பணத்தையும் முன்னால் கட்டினால் 40 ஆயிரம் தள்ளுபடி.

என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. "செல் எங்கிருந்து வருகிறது?" என்றேன். தொப்புள்கொடி என்றார். "யாருடையது? அவர்களுக்கு ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பார்த்த ரிப்போர்ட் இருக்கிறதா?" இருக்கும் என்றார். "ஏற்றும்போது எத்தனை சதவீதம் செல் உயிரோடு இருக்கும்? பேட்ச் நம்பர்? கிருமி இல்லை என்பதற்குக் கல்ச்சர் ரிப்போர்ட்?" "மேடம், இது ஃபாரின் டெக்னாலஜி," என்றார். என் லேபில் ஒரு சாதாரண சர்க்கரை டெஸ்ட் கிட் வந்தால்கூட அதன் லாட் நம்பரை நோட்டில் ஏற்றாமல் திறக்க மாட்டோம். கடைசியாக அவர் தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "மூணு மாசத்துல மாத்திரையெல்லாம் நிறுத்திடலாம்மா." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை நான் பார்த்தேன். அதை நான் மன்னிக்கவே மாட்டேன். மைக்கோபினோலேட்டைத் திடீரென்று நிறுத்தினால் அவள் கிட்னி என்ன ஆகும் என்று அந்த அறையில் என் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

சரி, கோபத்தை வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். தொப்புள்கொடி, கொழுப்பு, எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கிற மீசென்கைமல் செல்கள் எதிர்ப்புச் சக்தியைச் சாந்தப்படுத்தும் குணம் உள்ளவை என்பது உண்மை. அதை வைத்து லூபஸில் நேர்மையாக ஆராய்ந்தவர்கள் உண்டு. சீனாவில், கிட்னி தொட்ட லூபஸுக்கு, மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இந்தச் செல்லும் மற்றவர்களுக்கு வெறும் திரவமும் யாருக்கு எது என்று தெரியாமல் கொடுக்கிற ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். வழக்கமான மருந்து எல்லாருக்கும் உண்டு. 18 பேர் சேர்ந்ததும் நிறுத்திவிட்டார்கள். செல் வாங்கிய 12 பேரில் 9 பேருக்கு நோய் தணிந்தது, வாங்காத 6 பேரில் 5 பேருக்குத் தணிந்தது. செல் கூடுதலாக எதுவும் செய்யவில்லை. 2017இல் வெளியான முடிவு. குடல் நோயான குரோன்ஸில் ஆசனவாய்ப் புரைக்கு ஐரோப்பா 2018இல் அலோஃபிசெல் என்ற இதே வகை மருந்தை அனுமதித்தது. பெரிய மறு ஆய்வில் தோற்றதும் 2024இல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நன்றாகச் சோதித்த பொருளுக்கே இந்த நிலை.

இன்னொன்று, இதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை மாதிரி நிலைபெற்றவற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எல்லாம் ஆய்வு. ஆய்வு என்றால் நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. நான் இப்போது யார் கேட்டாலும் முதலில் சொல்கிற கேள்வி இதுதான்: பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது? பரிசோதனையில் இருக்கிற ஒன்றுக்கு உங்களிடம் பில் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மஜ்ஜை மாற்று

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் எங்கள் வீட்டில் சீக்கிரம் முடிந்துபோனது. ஒருவரின் ரத்த மூலச் செல்லை எடுத்து வைத்துக்கொண்டு, கடுமையான கீமோ கொடுத்துப் பழைய எதிர்ப்புச் சக்தியைத் துடைத்துவிட்டு, எடுத்து வைத்த செல்லை ஏற்றி முதலிலிருந்து வளரவிடுவது. நான்கு வழியில் செல் சிகிச்சை என்ற பேருக்கு நீண்ட அனுபவம் உள்ளது இதற்குத்தான். வேலூரில் மஜ்ஜை மாற்று 1986இலிருந்து நடக்கிறது. ஸ்க்லீரோடெர்மா, அதாவது தோலும் நுரையீரலும் இறுகிப்போகிற நோயில், இதற்கு வலுவான ஆதாரம் உண்டு. ஐரோப்பாவில் 156 பேரை வைத்துச் செய்து 2014இல் வெளியான அஸ்டிஸ் ஆய்வில், மாற்றுச் சிகிச்சை பெற்ற 79 பேரில் 8 பேர் முதல் வருஷத்திலேயே அந்தச் சிகிச்சையால் இறந்தார்கள். ஆனால் தாண்டியவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட அதிகக் காலம் வாழ்ந்தார்கள். நுரையீரல் வேகமாகக் கெட்டுக்கொண்டிருக்கிற ஸ்க்லீரோடெர்மாக்காரர் இந்தக் கணக்கைத் தன் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

என் தங்கைக்குக் கணக்கு வேறு. கல்யாணமாகி இரண்டு வருஷம், அவளுக்குக் குழந்தை வேண்டும். சைக்ளோபாஸ்பமைடு சினைப்பையைப் பாதிக்கும். அவள் முன்பு வாங்கிய ஆறு ஊசி தலா 500 மில்லிகிராம், மொத்தம் 3 கிராம். அஸ்டிஸில் கிலோவுக்கு 200 மில்லிகிராம். 50 கிலோ எடைக்கு 10 கிராம், அதுவும் செல் எடுப்பதற்கு முன் கொடுத்ததைச் சேர்க்காமல். எர்லாங்கன் கார் டி செல்லில் உடல் பரப்புக்கு ஒரு சதுர மீட்டருக்கு 1 கிராம், அவள் உடம்புக்கு ஒன்றரை கிராம் வாக்கில். இந்த மூன்று எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்து வேணாம்க்கா," என்றாள்.

ரிட்டுக்ஸிமேப்

டாக்டர் சொன்ன வழி. இதில் செல் எதுவும் ஏற்றுவதில்லை, ஆனால் குறி அதே பி செல்தான். சிடி20 என்ற வேறொரு அடையாளத்தைப் பிடிக்கிற ஆன்டிபாடி மருந்து. நம் நாட்டில் டாக்டர் ரெட்டீஸ் 2007லேயே இதன் மாற்று வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டதால் விலை லட்சங்களில் இல்லாமல் ஆயிரங்களில் நிற்கிறது. இரண்டு வார இடைவெளியில் ஒரு கிராம் வீதம் இரண்டு தடவை. காலையில் போய்ச் சொட்டு ஏற்றிக்கொண்டு பெரும்பாலும் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

இதையும் மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். கிட்னி லூபஸில் ரிட்டுக்ஸிமேப்பை வைத்து 144 பேரிடம் செய்த லூனார் ஆய்வு 2012இல் வெளியானபோது அது வைத்த இலக்கை எட்டவில்லை. இருந்தும் மற்ற மருந்துக்கு அடங்காதவர்களுக்கு டாக்டர்கள் இதைக் கொடுக்கிறார்கள், பலருக்குப் பலன் தெரிகிறது. ஏன் எல்லாருக்கும் தெரிவதில்லை என்பதற்கு எர்லாங்கன்காரர்களே ஒரு விடை காட்டினார்கள். நிணநீர் முடிச்சில் துளி திசு எடுத்துப் பார்த்தபோது, ரிட்டுக்ஸிமேப் வாங்கியவர்களுக்கு ரத்தத்தில் பி செல் இல்லாவிட்டாலும் முடிச்சுக்குள்ளே பதுங்கியிருந்தது. கார் டி செல் வாங்கியவர்களுக்கு அங்கேயும் இல்லை. முற்றத்தைப் பெருக்குவதற்கும் மச்சுவரை ஏறிப் பெருக்குவதற்கும் உள்ள வித்தியாசம்.

ரிட்டுக்ஸிமேப்புக்கு முன்னால் ஹெபடைடிஸ் பி கட்டாயம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் தூங்கிக்கொண்டிருக்கிற வைரஸ் எழுந்துவிடும். டிபியும் பார்க்க வேண்டும். நிமோனியாத் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது, பி செல் போன பிறகு போட்டால் ஊசி சரியாகப் பிடிக்காது. இந்த மூன்றும் எழுதாமல் ஒரு சீட்டு என் கவுன்ட்டருக்கு வந்தால், நானே டாக்டருக்குப் போன் செய்து கேட்பேன்.

இதே வழியில் இன்னும் வலுவான ஒபினுடுசுமேப்புக்கு 2025 அக்டோபரில் அமெரிக்காவில் கிட்னி லூபஸுக்கு அனுமதி கிடைத்தது. 76 வாரத்தில் முழுப் பலன் கண்டவர்கள் 46 சதவீதம், வழக்கமான மருந்து மட்டும் எடுத்தவர்களில் 33. நல்ல முன்னேற்றம், விலைதான் இடிக்கிறது. டாக்ரோலிமஸ் மாத்திரையைச் சேர்ப்பதும் ஒரு வழி. கர்ப்பத்தின்போதும் கொடுக்கக்கூடியது என்பதால் டாக்டர் அதைப் பிற்பாட்டுக்கு வைத்திருக்கிறார். மைக்கோபினோலேட் கர்ப்பத்துக்கு ஆகவே ஆகாது.

மருந்துக்கு வெளியே இருக்கிற கேள்விகள்

மருந்தை மட்டும் ஒப்பிட்டால் போதும் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து பார்க்கும்போது வேறு சில விஷயங்களும் தராசில் ஏறுகின்றன.

தூரம் ஒன்று. பெங்களூர் 90 கிலோமீட்டர்தான், அத்திப்பள்ளியில் மாட்டாவிட்டால் இரண்டு மணி நேரம். ஆனால் கார் டி செல் ஏற்றிய பிறகு சில வாரங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கூட ஒருவர் இரவும் பகலும். ராத்திரி ஒரு மணிக்கு 102 டிகிரி காய்ச்சல் அடித்தால் காவேரிப்பட்டணத்திலிருந்து கிளம்ப முடியாது. அறை வாடகை, மாப்பிள்ளை ஓசூர் கம்பெனியில் எடுக்க வேண்டிய லீவு, இதெல்லாம் ஆய்வில் மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் நம் கையிலிருந்து போகிறவை. சில ஆய்வுகள் போக்குவரத்துச் செலவு கொடுக்கும், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

காப்பீடு இன்னொன்று. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை இருக்கிறது, ஆண்டு வருமானம் 1,20,000க்குள் உள்ளவர்களுக்கு. எந்தச் சிகிச்சை அதில் வரும் என்பதை ஆஸ்பத்திரியிலேயே இருக்கிற காப்பீட்டுக் கவுன்ட்டரில் அட்மிஷனுக்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

ஆய்வில் சேர்வது பற்றி நிறையப் பேருக்குப் பயம், "எலி மாதிரி சோதிப்பாங்களா" என்று. 2019 மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வினால் உடம்புக்கு ஏதாவது ஆனால் சிகிச்சை அவர்கள் பொறுப்பு, இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. நாட்டில் நடக்கிற ஆய்வுகள் சிடிஆர்ஐ என்ற பொதுப் பதிவேட்டில் நம்பரோடு இருக்க வேண்டும். அந்த நம்பரைக் கேளுங்கள். தமிழில் எழுதிய சம்மதப் படிவத்தைக் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் போன அந்த ஏசி அறையில் இந்த நம்பரைக் கேட்டபோது நோட்டீஸின் பின்பக்கத்தில் ஏதோ தேடினார்கள்.

காத்திருந்தால் என்ன வரும் என்பதையும் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செல் தயாரிக்காமல், வேறொருவரின் செல்லை மாற்றி வைத்துக்கொண்டு பலருக்குக் கொடுப்பதைச் சீனாவில் மூன்று பேரிடம் செய்து 2024இல் வெளியிட்டார்கள். பிளினாடுமோமேப் போன்ற ஊசிகள் உடம்பில் இருக்கிற டி செல்லையே பி செல்லோடு கோத்துவிடுகின்றன, முடக்குவாதக்காரர்கள் ஆறு பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், அழிப்பதற்குப் பதிலாக அடக்குகிற டி செல்லை வளர்த்துக் கொடுப்பது. அந்த அடக்குகிற செல்லைக் கண்டு சொன்னதற்குத்தான் 2025இல் ஷிமோன் சகாகுச்சிக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் நோபல் பரிசு. இவற்றில் எது நம் ஊருக்கு முதலில் வந்தாலும் விலையும் ஆஸ்பத்திரி நாட்களும் குறையும் வாய்ப்பு இருக்கிறது.

ஆனால் கிட்னி காத்திருக்காது. அதுதான் எங்கள் முடிவைத் தள்ளியது. ஒவ்வொரு தடவை லூபஸ் கிளம்பும்போதும் சல்லடையில் கொஞ்சம் தழும்பாகிவிடும், தழும்பு திரும்பாது. கார் டி ஆய்வுகளில் பெரும்பாலும், குறைந்தது இரண்டு மருந்துக்கு அடங்காதவர்களை, அதேசமயம் கிட்னி ரொம்பக் கெட்டுப்போகாதவர்களைத்தான் சேர்க்கிறார்கள். ஆக, இன்றைக்குக் கையில் இருக்கிற மருந்தால் கிட்னியைக் காப்பாற்றினால்தான் நாளைக்கு அந்தக் கதவு திறந்திருக்கும். இதை டாக்டரிடம் சொன்னபோது அவரும் அதையே சொன்னார்.

அதனால் ரிட்டுக்ஸிமேப். மாசி கடைசியில் முதல் டோஸ், பங்குனியில் இரண்டாவது. முதல் நாள் கால் மணி நேரத்தில் தொண்டை அரித்தது, சொட்டின் வேகத்தைக் குறைத்ததும் நின்றது. வேலூரில் ஒரு ரூமட்டாலஜி டாக்டரிடமும் காட்டிப் பேர் பதிந்துவிட்டு வந்தோம். ரிட்டுக்ஸிமேப்பும் கைகொடுக்காவிட்டால், அப்போது நடக்கிற ஆய்வுக்கு அங்கிருந்து அனுப்ப முடியும். அதற்காக ஒரு பச்சை ஃபைல் போட்டேன். இரண்டு பயாப்ஸி ரிப்போர்ட், ஆறு வருஷத்து யூரின் புரதம் தேதிவாரியாக, எந்த மருந்து எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை எந்த அளவில், நிறுத்தியது ஏன். ஆய்வில் சேர்ப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான், பெரும்பாலான வீடுகளில் இல்லாததும் இதுதான். லேபில் பழைய ரிப்போர்ட் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து அந்தப் பட்டியலை எழுதிவிடுங்கள்.

வேறு வீட்டுக்கு முடிவு வேறாக வரலாம். ரிட்டுக்ஸிமேப்பும் போட்டுப் பார்த்து, புரதம் இறங்காமல், கிட்னி மட்டும் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு இலவச ஆய்வில் இடம் கிடைத்தால், கூட இருக்க ஆள் இருந்தால், நான் போகச் சொல்வேன். என் தங்கை அந்த நிலைக்கு வந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு நானே பெங்களூரில் அறை எடுப்பேன்.

தோப்பு இருக்கிறது. சித்திரையில் காய் பிடித்துக் கிளை தாழ்ந்து கிடக்கிறது, கூழ் ஃபேக்டரிக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். முதல் டோஸுக்கப்புறம் ஏழாவது வாரத்தில் பார்த்தபோது புரதம் 1.9. இது மருந்தின் வேலையா, கூட்டிய ஸ்டீராய்டின் வேலையா என்று இப்போதே சொல்ல முடியாது, ஆறு மாதமாவது பார்க்க வேண்டும். அடுத்த சேகரிப்பு வைகாசி முதல் வாரம். நேற்று புதுக் கேன் ஒன்றில் அவள் பெயரையும் தேதியையும் மார்க்கரில் எழுதி, காலை முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு அதற்கப்புறம் வருவதிலிருந்து சேர்க்கச் சொல்லி, மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்பினேன்.